அரை மாத்திரை

புதன்கிழமை, ஊசி அறையைக் கழுவிவிட்டபின்
எக்ஸ்ரே அறையில் உட்காருகிறோம் ஐந்து பேர்.
மெஷின் போன மழைக்கே நின்றுபோனது.
அதன் கழுத்தில் யாருடைய ஸ்வெட்டரோ காய்கிறது.

நான், பிரசவ வார்டு தனபாக்கியம்.
துடைப்பத்திலிருந்து கட்டுப் போடும் மேஜைக்கு வந்த வெள்ளச்சி.
ஆம்புலன்ஸ் அஷ்ரஃப்.
இன்னும் இருவர், சேரம்பாடி பஸ்ஸுக்காக
ஒரு காதை வெளியே விட்டிருப்பவர்கள்.

மருந்து கொடுக்கும் ஜோகி பலகையில் எழுதுகிறான்: 2.5
எங்களைவிடச் சின்னவன். சாக்பீஸ் பிடிக்கத் தெரியாது,
கீச்சென்று கத்தும்.
“இத வாசிங்க.”

இருபத்தஞ்சு என்றார் ஒருவர்.
ரெண்டு என்றேன் நான்.

ஏன் ரெண்டு?

இலை நிறுக்கும் கொட்டகையில்
அம்மாவின் முதுகுக்குப் பின்னால் நின்று படித்த கணக்கு அது.
தராசு பதினெட்டு புள்ளி ஏழு காட்டும்.
கணக்கப்பிள்ளை பதினெட்டு என்று எழுதுவார்.
புள்ளிக்கு அந்தப் பக்கம் இருப்பது ஈரம்,
சாக்கின் எடை, எஸ்டேட்டுக்குச் சேர்ந்தது.
எங்கள் வீட்டில் யாரும் அதைச் சாப்பிட்டதில்லை.

ஜோகி சாக்பீஸை இடக்கைக்கு மாற்றினான்.
அஷ்ரஃப் மெல்ல நிமிர்ந்து
என்னைப் பார்த்தார்.

ஆடி மாதம். ராத்திரி.
ஒரு பெண்பிள்ளை பிறந்தது. நான்தான் நிறுத்தேன்.
நோட்டில் எழுதினேன்: 1
ஒரு கிலோப் பிள்ளைக்கு இங்கே வசதியில்லை என்று
தையல் காயாத தாயோடு ஊட்டிக்கு ஏற்றினார்கள்.
நடுவட்டம் வளைவுகளில் மரம் விழுந்து கிடந்ததாம்,
அஷ்ரஃப் இறங்கி வெட்டினாராம்.
அங்கே நிறுத்தபோது 1.9.
பால் குடித்துக்கொண்டிருந்தது.

எந்தக் கை எழுதியது என்று
அவருக்கு அன்று யாரும் சொல்லவில்லை.
இன்று நானே சொல்லிவிட்டேன்.

“டீ வாங்கி வரேன்” என்று எழுந்து போனார்.
ஐந்து டம்ளர் கொண்டுவந்தார்.
என்னுடையதில் சர்க்கரை கூடுதல்.

அப்புறம் ஜோகி கேட்டான், புள்ளி வேறெங்கே பார்த்திருக்கீங்க?
வெள்ளச்சி முந்திக்கொண்டாள்: எழுத்துக்கு மேல.
போன மாதம்தான் அவள் க-வும் க்-கும் பிரித்தறிந்தது.
தலையில் புள்ளி ஏறினால் எழுத்து பாதி மூச்சாகிறது.
மூன்றாம் வகுப்போடு நான் விட்டுவந்த பாட்டு
தானாக வாயில் வந்தது,
குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு,
மெய்க்கு அரை மாத்திரை.

மெய்க்கு அரை மாத்திரை!
மூன்றாம் கட்டில் கிழவருக்கு டாக்டர் எழுதியதும் அதுதானே.
சிரித்தோம். பஸ்காரர்கள்கூட.

எல்லாம் இப்படிச் சிரிப்பாகவே முடிவதில்லை.
எருமாட்டுப் பெண்ணொருத்தி “வேதனை, வேதனை” என்றபோது
மனசுக்கு என்னமோ என்று கையைப் பிடித்து
ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தேன் அரைமணி நேரம்.
அவள் மலையாளத்தில் அது நெஞ்சுவலி.
அஷ்ரஃப் சொல்லித்தான் தெரியும், ரொம்பப் பின்னால்.
அவள் பிழைத்தாள். என் கெட்டிக்காரத்தனத்தால் அல்ல.

இப்போது புள்ளியைத் தனியே நிற்க விடுவதில்லை நான்.
முன்னால் ஒரு சுழி போட்டுவிடுகிறேன், 0.5 என்று,
இருட்டில் போகிறவருக்குத் துணைபோல.
கத்தி வைத்துக் கோட்டில் உடைத்த மாத்திரையின் மிச்சப் பாதியைக்
காகிதத்தில் மடித்து, அதன்மேலும் எழுதுகிறேன்.

ஐப்பசியில் அந்தப் பிள்ளை தடுப்பூசிக்கு வந்தது.
தட்டில் கிடந்து என் அடையாள அட்டையைப் பிடித்து இழுத்தது.
4.35
மூன்று இலக்கத்தையும் எழுதினேன்.
கை எவ்வளவு அழுத்தியதோ,
புள்ளி தாளைத் துளைத்து
அடுத்த பக்கத்திலும் விழுந்திருக்கிறது.
அங்கே இன்னும் எந்தப் பெயரும் இல்லை.