எண் இல்லாத லீவர்

மத்ராவிலிருந்து ரூவி ஏற்றம்.
வெள்ளி, விடியுமுன்பே முப்பத்துநாலு டிகிரி.
இன்னாசி பொத்தானைத் தொட்டால்
டிக், அடுத்த கியர்.
எனக்கு லீவர் கீழே, சாய்வுக் கம்பியில்.
ஒரு கையை விட்டுக் குனியணும்.
கூட இழுத்துவிட்டால் செயின் முனகும்,
நகக்கண் அளவு பின்னே தள்ளினால்
வாயை மூடும்.

"மாத்தித் தொலையேன்டா" என்கிறான்.

கேம்பில் என் கட்டில் பதினேழு, பி.
பஸ் நாலு. விரல்ரேகை ஐந்து நாற்பதுக்கு.
இதில் மட்டும்தான் எண் கிடையாது,
ஏழுக்கும் எட்டுக்கும் நடுவே
எவ்வளவோ இடம் கிடக்கிறது.

இன்றைக்கும் தப்பான பல்லில் விழுந்தது.
கால் சும்மா சுற்றியது.
இன்னாசி உச்சிக்குப் போய்
தண்ணீர் குடித்துக்கொண்டு நிற்கிறான்.
நான் இன்னும் துழாவுகிறேன்,
கட்டைவிரலால்,
காதைத் தாழ்த்தி.