போதுமான

லிலோங்வேயில் அவை கூடும்போது
பேசுகிறவர்களுக்குக் கீழே ஒரு சிறு மேசை உண்டு.
பதினேழு வருடமாக அதில் நான்.
இருமலை எழுதுவதில்லை.
சிரிப்பை எழுதுவோம், அடைப்புக்குறிக்குள்.
அழுகைக்கு விதி இல்லை;
அதுவரை தேவைப்பட்டதும் இல்லை.

செவிலியர் சட்ட முன்வரைவு, பிரிவு பதினான்கு:
ஒவ்வொரு வார்டிலும்
போதுமான செவிலியர் இருத்தல் வேண்டும்.
படிக்க நன்றாகத்தான் இருந்தது.
சிட்டெஞ்சே துணி மாதிரி
எந்த இடுப்புக்கும் பொருந்துகிற சொல்.

குழுவின் முன் சாட்சி சொல்ல
ஏரிக்கரையிலிருந்து வந்தாள் லுசுங்கு கோண்ட்வே,
இரவுப்பணி முடித்த கையோடு மினிபஸ் ஏறி.
மடியில் கையுறைப் பெட்டி ஒன்றின் அட்டை.
குறிப்பேடு தீர்ந்து இரண்டு மாதமாம்.
அட்டையின் உட்புறம் முழுக்க
மணிகள், படுக்கை எண்கள், ஒரு தேநீர்க் கறை.

தலைவர் மரியாதையாகத்தான் கேட்டார்:
"உங்கள் வார்டில் பணியாளர் நிலை எப்படி, அம்மணி?"
"ஒன்று."
"ஒன்று என்றால்?"
"நான்."

(சிரிப்பு) என்று எழுதினேன்.
அவள் சிரிக்கவில்லை என்பதற்கு அடைப்புக்குறி இல்லை.

பிறகு அட்டையைப் பார்த்து வாசித்தாள்.
அறுபத்தொரு பேர், தரையில் படுத்தவர்களையும் சேர்த்து.
இரண்டே காலுக்கு மின்சாரம் போனது.
கைபேசி விளக்கைப் பல்லில் கடித்துக்கொண்டு
பன்னிரண்டாம் படுக்கையில் நரம்பு தேடிக்கொண்டிருந்தபோது
நாற்பதாம் படுக்கைக்காரி,
பிள்ளை பெற்று ஒரு நாளானவள்,
குரல் எழாமல் கட்டில் கம்பியைத் தட்டினாள்.
இரண்டு தட்டு. கொஞ்சம் விட்டு, ஒன்று.

"நடுவில் நின்றேன் ஐயா.
யாரிடம் முதலில் போவது என்று
உங்கள் பதினான்காம் பிரிவில் தேடிப் பார்த்தேன்,
பஸ்ஸில் வரும்போது.
இல்லை."

நாற்பதாம் படுக்கை என்ன ஆனது என்று
யாரும் கேட்கவில்லை.
நானாவது கேட்டிருக்கலாம்.
எழுதுகிறவளுக்கு வாய் கிடையாது.

"வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா?"
"போதும்," என்றாள்.
மூன்று மணிக்கு பஸ்.
ஏழு மணிக்கு மறுபடி வார்டு.

அவைக்கு வந்தது அக்டோபர் கடைசியில்,
ஜக்கரண்டா உதிர்ந்து
அமைச்சர்களின் கார்கள் ஊதாவாக நின்ற வாரம்.
உறுப்பினர் எலுபி மகாட்டா எழுந்தார்:
அந்தச் சொல்லை எடுத்துவிட்டு
ஆறு நோயாளிக்கு ஒருவர் என்று போடுங்கள்.
எதிர்வரிசையில் கணக்குத் தெரிந்த ஒருவர்
நிதானமாகச் சொன்னார்:
"எண்ணைப் போட்டுவிட்டால், சபாநாயகர் அவர்களே,
ஜனங்கள் எண்ணத் தொடங்குவார்கள்."
"அதற்குத்தான்," என்றார் எலுபி.
உட்கார்ந்துவிட்டார்.
அத்தனை குட்டையான உரையை நான் எழுதியதில்லை.

அன்றிரவு லீட்ஸிலிருந்து தங்கை மடாலிட்சோ பேசினாள்.
இங்கே படித்த செவிலி, அங்கே முதியோர் இல்லத்தில்.
"இங்கேயும் அதே சொல்தான் அக்கா.
நல்ல தாளில் அச்சடித்துச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள்."
பின்னால் மணி அடித்தது. ஓடினாள்,
ஃபோனை வைக்காமலே.
ஆளில்லாத அறையின் இரைச்சலைக் கேட்டபடி
காத்திருந்தேன்,
நாற்பதாம் படுக்கை போல.

ஐந்து நாள் பேரம்.
ஆறு எட்டானது, எட்டு பத்தானது.
எப்போதும் தூங்குகிற எல்லைத் தொகுதிக்காரர்
திடீரென்று எழுந்து
தன் அண்ணியின் பெயரை மட்டும் சொன்னார்.
அதற்கு மேல் வரவில்லை.
விதி இல்லாததால் மூன்று புள்ளி வைத்தேன்.
மறுபடி எட்டு.
மூன்று ஆண்டு கழித்து அமல்.
சம்பளத்துக்குப் பணம்?
அது அடுத்த கூட்டத்தொடரில், பார்க்கலாம்.

கைகள் உயர்ந்தன. கையுறை இல்லாத கைகள்.

நான் எட்டு என்று எழுத்தால் எழுதி,
பக்கத்தில் இலக்கத்தாலும் எழுதினேன்,
நாளை ஒருவரும் வேறாகப் படித்துவிடாதபடி.
அடித்த சொல் கோட்டுக்கடியில் இன்னும் தெரிகிறது.

ஏரிக்கரையில் இன்றிரவும் அறுபத்தொன்றோ,
கூடவோ.
மூன்று ஆண்டு என்றால்
ஆயிரத்துத் தொண்ணூற்றைந்து இரவு.
எண்ணத் தொடங்கிவிட்டேன்.