காரணம் என்ற கட்டம்

ஃப்ரௌக்க வியர்ஸ்மாவின் வீட்டில்
நாற்பத்தேழு விரிசல்கள்.
போன வருஷம் முப்பத்தொன்பது.
எண்ணுவது என் வேலை.

க்ரோனிங்கனுக்கு வடகிழக்கே
பீட்ரூட் வயல்களுக்கு நடுவில் செங்கல் வீடு.
மேற்குச் சுவருக்கு மூன்று மரக்கட்டைகள்
முட்டுக் கொடுத்து நிற்கின்றன,
குடித்தவனைத் தோளில் தாங்கி
வீடு சேர்க்கும் கூட்டாளிகள் போல.
குடித்தது வேறு யாரோ.
இந்த வீடு ஒரு சொட்டும் தொட்டதில்லை.

மூன்று கிலோமீட்டர் ஆழத்தில்
மணற்கல்லின் துளைகளில் கிடந்த வாயுவை
அறுபது வருஷம் உறிஞ்சினோம்.
அதில் சாலை போட்டோம்.
கண்ணாடிக் கூடாரங்களில்
பனிக்காலத்திலும் தக்காளி சிவந்தது.
காற்றிறங்கிய மெத்தையில் படுத்தவன் மாதிரி
நிலம் கொஞ்சம் கொஞ்சமாகத் தரை தட்டியது.

அதிர்வு ஒன்றும் பெரிதில்லை.
அலமாரிக் கோப்பைகள் ஒன்றோடொன்று
ஏதோ சொல்லிக்கொள்ளும் அளவுக்குத்தான்.
பிறகு நாய் குரைக்கும்.
பக்கத்து வீட்டில் விளக்கு எரியும்.

இது இரண்டாயிரத்து இருபத்திரண்டு, அக்டோபர்.
கிழக்கிலிருந்து வந்த குழாய் ஓய்ந்துவிட்டது.
அவள் வயலின் கோடியில் நின்றால்
துறைமுகத்துக் கப்பலின் விளக்குகள் தெரியும்.
குளிர வைத்துத் திரவமாக்கிய வாயு,
சமுத்திரம் தாண்டி வந்து,
இந்த வாயுவின் தலைமாட்டில்
நங்கூரம் போட்டிருக்கிறது.

வானொலியில் ஒருவர் கேட்கிறார்:
காலடியில் இவ்வளவு இருக்க
ஐரோப்பா ஏன் நடுங்க வேண்டும்?
ஃப்ரௌக்க வானொலியை அணைக்கவில்லை.
காபி ஊற்றினாள்.
ஒரு பிஸ்கட் கொடுத்து டப்பாவை மூடினாள்.

சமையலறை விரிசலில்
காற்றுக்குப் பயந்து செய்தித்தாள் திணித்திருந்தாள்.
அளக்க வேண்டுமென்றால் உருவித்தான் ஆகவேண்டும்.
உருவினேன்.
வாயு விலையின் வரைபடம்,
செங்குத்தாக ஏறிப்போய்
மடிப்பில் கிழிந்திருந்தது.
ஒன்று புள்ளி மூன்று மில்லிமீட்டர்.
எழுதிக்கொண்டு திரும்பத் திணித்தேன்.

படிவத்தில் 'காரணம்' என்று ஒரு கட்டம்.
நிலநடுக்கம், பழமை, ஈரம், பிற.
ஒன்றில்தான் குறியிடலாம்.

"எம்டனிலிருந்து தங்கை கூப்பிட்டாள்" என்றாள்.
ஹில்லி. ரொட்டிக்கடைக்காரி. நாலு பெரிய அடுப்பு.
போன வருஷம் முழுக்கக் கட்டியதை
இந்த ஒரு மாத ரசீது தாண்டிவிட்டதாம்.
இரண்டு அடுப்பை அணைத்தாயிற்று.
மாவு பிசைய வந்த சிரியப் பையனை
நிறுத்தியாயிற்று.
அழவில்லையாம். கேட்டாளாம்:
உங்கள் பக்கம் கொஞ்சம் திறந்துவிட்டால்
என்ன குறைந்துவிடும், அக்கா?
கொஞ்சம்தான்.

என்ன பதில் சொன்னீர்கள் என்று
நான் கேட்கவில்லை.
அவளாகவே சொன்னாள்:
"இந்த வருஷம் பீட்ரூட் நன்றாக வந்திருக்கிறது என்றேன்."

பிறகு பள்ளிப் பேருந்து ஓட்டும்போது போடுகிற
அந்தச் சீருடைப் பையிலிருந்து
ஒரு கோலிக்குண்டை எடுத்தாள்.
ஏதோ ஒரு பிள்ளை இருக்கையில் விட்டுப்போனது.
கூடத்தின் நடுவில் வைத்துக் கையை எடுத்தாள்.
அது சற்று யோசித்தது.
பிறகு மூலையைப் பார்த்து உருண்டது,
மெதுவாக,
பின் வேகமாக, வழி தெரிந்ததுபோல.
பூனை தலையைக்கூடத் தூக்கவில்லை.
பார்த்து அலுத்திருக்கும்.

"இதையும் எழுதிக்கொள்ளுங்கள்."
இதற்குக் கட்டம் இல்லை என்றேன்.
"அப்படியானால் எடுத்துக்கொண்டு போங்கள்."

ஸ்வோல வந்து சேர இருட்டிவிட்டது.
ஒன்பதாம் மாடி.
கதவைத் திறந்ததும் முகத்தில் வெதுவெதுப்பு.
ரேடியேட்டர் தன்பாட்டுக்கு முனகிக்கொண்டிருந்தது.
கோட்டைக் கழற்றாமலே
கோலிக்குண்டைத் தரையில் வைத்தேன்.
ஒரு மயிரிழையாவது நகருமென்று
முழங்கால் வலிக்கும்வரை குனிந்திருந்தேன்.

நகரவில்லை.
என் வீட்டுத் தரை
அவ்வளவு மட்டம்.