இருபத்தேழரைச் சென்ரிமீற்றர்

விழுத்தினது நான்தான்.
சவர்க்காரக் கை,
முகாம் குசினியின் சீமெந்துத் தரை.
மைக்ரோவேவுக்குள் சுற்றுகிற கண்ணாடித் தட்டு
துண்டாய் உடையவில்லை, உதிர்ந்தது,
கட்டு அவிழ்ந்த உப்புச் சாக்கு மாதிரி.

சத்தத்துக்குப் பதினொரு பேரும்
நின்ற இடத்தில் நின்றார்கள்.
ஒருத்தியின் வாய்க்குள் பிறஸ்.
ஒருவரும் ஓடவில்லை.
ஓடாமல் நிற்கத்தானே எங்களுக்குச் சம்பளம்.

பிறகு கிருபாஜினி சிரித்தாள்.
"ஆரும் அசையாதேங்கோ, லேன் போடுறன்"
என்று சிவப்புத் தடி நாலைக் கொண்டுவந்து
வாசலில் சாத்தினாள்.
நான் முழங்காலில் இருந்து
கதவடியிலிருந்து கை அகலம் கை அகலமாய்
அடுப்படி மட்டும் போனேன்.
தும்புத்தடி எட்டாத மூலையிலும்
ஒரு மணி கண்ணாடி விடவில்லை.
ஒன்பது வருசமாய் அம்பகாமத்தில்
இதுதானே செய்கிறேன்.

அடுத்த நாள்
விடியப்புறம் கட்டின சோறு
நடுவில் கொதித்தது, கரையில் பச்சைத்தண்ணி.
தட்டில்லாத பெட்டி
சுட்ட இடத்தையே திருப்பித் திருப்பிச் சுட்டது.
தயாபரி அரை நிமிசத்துக்கு ஒருக்காக் கதவு திறந்து
பீங்கானைக் கையால் திருப்பினாள்.
"இப்ப நான்தான் மோட்டர்."

உடைந்ததை அளக்க ஏலாது.
அது சுற்றின இடத்தை அளந்தேன்.
சுவருக்குச் சுவர், வளையச் சில்லு ஓடின தடம்,
நடு முளையின் மூன்று காது.
சிகரெட் பெட்டி மட்டையில் படம் கீறி
சனிக்கிழமை பஸ் ஏறினேன்.

கிளிநொச்சியில்
"புதுசா ஒண்டு எடுங்கோ தங்கச்சி,
தவணைக்கும் குடுக்கிறம்" என்றார்கள்.
ஞாயிறு வவுனியா. பஜார் பக்கம்
நஸ்ரூனின் கடை.
செத்த மைக்ரோவேவுகளின் தட்டுகளைத்
தோசைக்கு வாழையிலை வைத்த மாதிரி
இடையிடையே பேப்பர் வைத்து அடுக்கியிருந்தார்.
"மொடல் நம்பர்?"
ஸ்டிக்கர் உருகிவிட்டது என்றேன்.
மட்டையை வாங்கிப் பார்த்தார். கனநேரம்.
"எஞ்சினியரோ நீங்க?"
மிதிவெடி எடுக்கிற வேலை என்றேன்.
அதற்குப் பிறகு அவர் தட்டுகளை
மெதுவாய்த்தான் தூக்கினார்.

இருபத்தேழு இல்லை.
இருபத்தேழரை இருக்கிறது, மூன்று காதோடு.
"அரைச் சென்ரிமீற்றர்தானே, பரவாயில்ல."
இந்த ஒன்பது வருசத்தில்
அந்த வசனத்தை ஒருவரும் எனக்குச் சொன்னதில்லை.
ஆயிரத்தெண்ணூறு கேட்டு
ஆயிரத்தைந்நூறுக்குத் தந்தார்.

பஸ்ஸில் மடியில் வைத்திருந்தேன்,
பழைய பெட்சீற்றுக்குள்.
பக்கத்துச் சீற் அம்மா கேட்டா:
"சாமிப் படமோ பிள்ளை?"
ஓம் என்றேன்.
காலைச் சற்று ஒதுக்கி வைத்தா.
கனகராயன்குளத்தில் மாடு குறுக்கே வர
டிரைவர் அழுத்தின பிறேக்கில்
இரண்டு கையும் தட்டில்.
நெற்றி முன் சீற்றின் கம்பியில்.

வீங்கின நெற்றியோடு மாட்டினேன்.
சுற்றியது.
ஒரு சுற்றுக்கு ஒருதரம்
பின்சுவரில் உரசி 'டிக்' என்றது.
பதினொரு பேரும் ஜன்னலுக்குள் பார்த்துக்கொண்டு
டிக், டிக் எண்ணினார்கள்.
எனது இடியப்பம் கரையிலும் சுட்டது.
சம்பல் காய்ந்துபோயிற்று, அது வேறு.

திங்கட்கிழமை லேனில் முழங்காலில் இருக்க
காற்சட்டை மடிப்பிலிருந்து ஏதோ விழுந்து
மண்ணில் மினுங்கியது.
அரிசி மணி அளவு.
என்னவென்று எனக்குத் தெரியும்.
என்றாலும் வேலையை நிறுத்தினேன்,
பின்னால் வந்தேன், கையை உயர்த்தினேன்.
விதி அப்படி.
மேற்பார்வைக்கு வந்த நிரோஜினி
முகக்கவசத்துக்குள்ளால் கேட்டாள்:
"என்னது?"

"தட்டு" என்றேன்.