ஐந்து பகல், நான்கு இரவு

பைரூஸ் வட்டம் போட்ட இடங்கள் பதினேழு.
கோபுரம், கேபிள் கார், குகை, மீன்காட்சிச்சாலை,
இரவுச் சந்தை இரண்டு,
நேரமிருந்தால் மலாக்கா.
சாய்ந்தமருதிலிருந்து கல்முனைக்குப் போகவே
மூன்று கடையில் நின்று கதைக்கிற மனுசன்
கோலாலம்பூரை மணிக்கணக்காய் வெட்டி
கொப்பியில் கோடு கீறி வைத்திருக்கிறார்.
இரண்டு வருடச் சீட்டுக் காசு,
ஒரு நிமிசமும் வீணாகக் கூடாதாம்.

மதினியின் பட்டியல் தனி:
தலையிடித் தைலம் ஆறு போத்தல்,
அபாயாத் துணி, வெள்ளைக் கோப்பிப் பக்கற்.
சின்னவனுக்குக் குரங்கு பார்க்கவேணும்.
"அம்பாறை றோட்டில யானையே நிக்குது,
குரங்குக்கு பாஸ்போட்டா?" என்றேன்.
அழுதான்.
குகை தப்பியது.

மீன்காட்சிச்சாலையை நான்தான் வெட்டினேன்.
தினமும் கத்திக்குக் கீழே கிடந்து
கீரியும் சூடையும் என்னையே பார்க்கின்றன,
காசு கட்டி வேறு பார்க்கவா?

"உனக்கு என்னதான்கா வேணும்?"
பேனை நின்றது.

ரயில், என்றேன்.
தண்டவாளம் மட்டக்களப்போடு முடிகிறது.
எங்கள் பக்கம் அது
தேர்தலுக்குத் தேர்தல் மட்டும் வரும்.
அங்கே ஓட்டுநர் இல்லாத ரயிலாம்.
முன்கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு
கடைசி ஸ்டேஷன்வரை போகவேண்டும்,
இறங்காமல் அதிலேயே திரும்பவேண்டும்.

"அங்க பார்க்க என்ன இரிக்கி?"
தெரியாது என்றேன்.

தேத்தண்ணி ஆறும்வரை யோசித்து
பதினேழுக்குக் கீழே எழுதினார்:
ரயில். சும்மா.
பக்கத்தில், பழக்கதோசம்,
நாற்பது நிமிசம் என்று போட்டார்.
பேனையைப் பறித்து
அதை மட்டும் அடித்தேன்.