கை சுத்தம்

திங்கள் காலை ஆறரை. விபோர்க் மருத்துவமனை, அடித்தளம்.
அடைகாப்புப் பெட்டியிலிருந்து தட்டுகளை எடுக்கிறேன்,
முப்பத்தைந்து டிகிரியில் இரவெல்லாம் தூங்கியவை.
தூங்கவில்லை. அதுதானே விஷயம்.

வேலை எளிது.
கிருமியைத் தட்டில் மெழுகி
மேலே ஆறு மருந்து வில்லைகள் வைப்போம்.
மருந்து வென்றால் வில்லையைச் சுற்றி
நிலா கோட்டை கட்டியதுபோல ஒரு வெற்று வட்டம்.
அதன் அகலத்தை அளந்து எழுதுவேன்.
இருபத்திரண்டு வருடமாக
ஒன்றுமில்லாததை அளக்கத்தான் எனக்குச் சம்பளம்.

இன்று ஒரு தட்டில் கோட்டை இல்லை.
வில்லையின் விளிம்புவரை வந்து சாய்ந்திருக்கின்றன,
பஸ் நிறுத்தச் சுவரில் சாய்கிற பையன்களைப் போல.
டெட்ராசைக்ளின்: ஆறு மில்லிமீட்டர்.
அதாவது வில்லையின் அகலம்.
அதாவது பூஜ்யம்.

ரத்த மாதிரி. ஆண், அறுபத்தெட்டு.
பெயரை நான் சொல்லக் கூடாது.
மோர்ஸ் தீவில் நாற்பது வருடம் பஸ் ஓட்டியவர்.
ரத்தம் சுத்திகரிக்க வாரம் மூன்று நாள்
பாலம் கடந்து வருகிறவர்.
பன்றியைச் சாப்பாட்டுத் தட்டில் தவிர
வேறெங்கும் தொட்டதில்லை.

வியாழக்கிழமை வகை எண் வந்தது:
முந்நூற்றுத் தொண்ணூற்றெட்டு.
கொட்டகையில் பிறந்து வளர்ந்த எண்.
பஸ்காரர் புதன்கிழமையே போய்விட்டார்.

என் தம்பி தோர்கில் கை சுத்தமானவன்.
தீவில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.
வரி பாக்கி இல்லை, எடையில் ஏய்ப்பு இல்லை.
ஆயிரத்து நானூறு தாய்ப் பன்றிகள்.
நான்காம் வாரம் குட்டிகளைப் பிரிப்பான்,
ஐந்தாம் நாள் கழிச்சல் தொடங்கும்.
கால்நடை மருத்துவர் எழுதிய சீட்டு,
அவர் எழுதிய அளவு,
தண்ணீர்க் குழாயில் பொடி.
மூன்று குட்டிக்கு நோய், நானூறுக்கும் மருந்து.
"ஒவ்வொண்ணையும் கூப்பிட்டு நாக்கை நீட்டச் சொல்லவா?" என்பான்.
உள்ளே போகுமுன் குளிப்பான், வெளியே வந்தும் குளிப்பான்.
சோப்பு மணக்கும் அந்தக் கையால்தான்
வெள்ளிதோறும் சீட்டாட்டத்தில்
பஸ்காரருக்குக் கை கொடுப்பான்.

இதுவும் சொல்லக் கூடாததுதான்.
இதை ஆதாரம் என்றும் சொல்ல மாட்டேன்.
தீவில் கொட்டகைகள் எத்தனையோ.
காற்று இருக்கிறது, லாரி இருக்கிறது,
மளிகைக்கடைக் கூடையின் பிடி இருக்கிறது.
அறிக்கையில் 'மூலம்' என்ற கட்டத்தில்
தெரியவில்லை என்று தட்டச்சு செய்தேன்.
செய்துவிட்டு என் விரல்களைப் பார்த்தேன்.

போன ஞாயிறு தம்பியின் ஆள் ருமேனியாவுக்குப் போயிருந்தான்.
நான்தான் குட்டிகளைத் தூக்கித் தூக்கி
மறு அறைக்கு மாற்றிக் கொடுத்தேன்.
இரண்டு மணி நேரம். முகமூடி போடவில்லை.
ஒன்று என் கழுத்தில் மூக்கை வைத்து அழுத்தியது.
சிரித்தேன்.

வியாழன் இரவு எல்லோரும் போனபின்
பஞ்சுக் குச்சியை என் மூக்கில் விட்டுத் திருகினேன்.
தும்மல் வந்தது.
ஒட்டுச்சீட்டில் பெயர் எழுதவில்லை,
ஒரு கோடு மட்டும் போட்டேன்.

வெள்ளி காலை தட்டைத் திறந்தால்
சின்னச் சின்ன ரோஜாப் புள்ளிகள்.
குட்டிகளின் காது நிறம்.
எண்ணினேன், பழக்கதோஷம்.
நாற்பத்தொன்றில் நிறுத்தினேன்.
எனக்குக் காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை,
வாடகை கேட்காத வீட்டில்
சத்தமில்லாமல் குடியிருக்கின்றன.

தம்பியை அழைத்தேன்.
தீனி நேரம். போனுக்குள் ஆயிரம் தொண்டைகள்.
மெதுவாகச் சொன்னேன்.
"கேக்கலை அக்கா. சத்தமாச் சொல்லு."
அருகில் சக ஊழியர்கள் காபி ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.
"சரி, சாயங்காலம் வாயேன்" என்றான்,
"சீட்டுக்கு ஒரு கை குறையுது."

மறுபடி சொன்னேன், இந்த முறை சத்தமாக.
அறையில் எல்லோரும் திரும்பினார்கள்.