மீதம்: ஒன்று

டிசம்பரில் ட்ரொம்சோவில் விடிவதில்லை.
மதியம் இரண்டு மணி இருட்டில்
இங்வில்டும் எசெகியேலும்
மடிக்கணினியை என் மேசைமேல் வைக்கிறார்கள்.
தோளில் பனி இன்னும் உருகவில்லை.

பழுது ஒன்றுமில்லை.
கணக்குத்தான் தீரப்போகிறது.

பங்காளிகள் வயல் பிரிப்பதுபோல
உலகைக் கூறுபோட்டு
ஒவ்வொரு கூறுக்கும் ஓர் எண் கொடுத்திருக்கிறார்கள்.
அவளுடைய டிவிடிகள் இரண்டாம் கூறு.
சிலியின் தென்கோடியிலிருந்து
கம்பளிச் சட்டைகளுக்கிடையே அவன் கொண்டுவந்தவை நான்கு.
பெட்டி ஐந்து முறை நாடு மாறும்.
ஐந்தாவது மாறிய இடத்திலேயே
மண்ணாகிவிடும்.

நான்கை எப்படிச் செலவழித்தீர்கள் என்றேன்.

அவன் அம்மா இறந்த வாரம்
அவளைச் சிரிக்கவைத்த ஒரு பழைய படத்துக்காக.
பிறகு திரும்பி வர.
மூன்றாவது, வீம்புக்கு (யார் வீம்பு என்பதில்
இன்னும் உடன்பாடில்லை).
நான்காவது, சமாதானத்துக்கு.

இனி அழுத்தினால் என்றைக்கும் அவன் ஊர்.
அழுத்தாவிட்டால் என்றைக்கும் அவள் ஊர்.
திரையில் 'சரி' துடித்துக்கொண்டிருக்கிறது.
இருவரும் கையை உறைக்குள்ளேயே வைத்திருக்கிறார்கள்.

"உடைத்துத் தர முடியாதா?"

கல்லாப்பெட்டிக்கு மேலே
வக்கீல் கடிதம் ஒட்டியிருக்கிறேன்,
அபராதத் தொகை தடித்த எழுத்தில்.

என் தங்கை ராக்ன்ஹில்ட் ஒரு படத்துக்கு இசையமைத்தாள்.
அரங்குக்கு வருமுன்னே
ஊரெல்லாம் இலவசமாய்ப் பார்த்து முடித்துவிட்டது.
அந்தக் குளிர்காலம் செல்லோவை விற்றாள்.
பூட்டைத் திட்ட எனக்கு வாய் வராது.

ஆனால் அந்தத் திருடன்
எந்த ஊர் டிவிடியும் வாங்கியவனில்லை.
இப்படி ஒரு பூட்டு இருப்பதே
அவன் காதுக்கு எட்டியிருக்காது.
காசு கொடுத்த இரண்டு பேர்தான்
சொந்தக் கதவுக்கு வெளியே
கால் மாற்றி நிற்கிறார்கள்.

ஒருமுறை அவளிடம் இதைச் சொன்னேன்.
"உனக்கென்ன, நீ சாவி செய்கிறவன்"
என்று தொலைபேசியை வைத்துவிட்டாள்.

மேசைக்கு அடியில் ஒரு சாம்பல் நிறப் பெட்டி.
பெயரில்லை, எந்தக் கப்பலில் வந்ததோ.
எதைச் செருகினாலும்
ஊர் கேட்காமல் சுழலும்.

விற்கவில்லை. இரவல் என்றேன்.
கடிதத்தில் இரவல் என்ற சொல் இல்லை,
இரண்டுமுறை தேடிவிட்டேன்.

"எப்போது திருப்பித் தர வேண்டும்?"
"விடிந்ததும்."

ஜனவரி நடுவில் என்று நினைத்திருப்பார்கள்.
எந்த ஆண்டு என்று அவர்கள் கேட்கவில்லை,
நானும் சொல்லவில்லை.

ராக்ன்ஹில்டிடமும்
சொல்லவில்லை.